கதவை விட்டால் வெடிக்கும்!

"போலீஸ் வர்ற வரைக்கும் அந்தத் திருடனை நான் தொடக்கூட இல்லை. என் மைக்ரோவேவே அவன் ரெண்டு கையையும் கட்டிப் போட்டுடுத்து."

மயூர் விஹார் பார்க் பெஞ்சில் கல்யாணராமன் இதைச் சொன்னதும், வேர்க்கடலை மென்றுகொண்டிருந்த அத்தனை ரிடையர்டு வாய்களும் நின்றன.

ஒரு வாயைத் தவிர.

"அளக்காதீங்க சார்," என்றார் ரத்தினவேல். கல்யாணராமனின் எதிர் ஃப்ளாட். டெல்லி போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸே பார்த்ததில்ல."

"முழுசாக் கேளும் ஓய்."

போன செவ்வாய்க்கிழமை. மனைவி ஜலஜா மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போயிருந்தாள்.

காலிங் பெல் அலறியது...

வாசலில் நீலச் சட்டை. கழுத்தில் அடையாள அட்டை. தேன் தடவிய இந்தி.

"அங்கிள்ஜி, மைக்ரோவேவ் சேஃப்டி செக்கிங். ஃப்ரீ."

ஃப்ரீ என்றால் கல்யாணராமன் எமனையும் உள்ளே விடுவார். விட்டார்.

அடுக்களை மேடையில் ஓர் எவர்சில்வர் கிண்ணம். அதில் பூந்திக்கொட்டைத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் அழுக்குப் போக ஊறிக்கொண்டிருந்தவை... ஜலஜாவின் வைரத்தோடுகள்!

பிறந்த வீட்டுச் சீதனம். அவை தொலைந்தால் கல்யாணராமனுக்கு ஆயுசு முழுக்கச் சோறு கிடையாது.

"வாரண்டி கார்டு இருக்கா அங்கிள்ஜி?"

அவர் அலமாரியைத் திறந்து திரும்புவதற்குள், தோடுகள் அவன் பாக்கெட்டுக்கு இடம் மாறியிருந்தன. தோடில்லாத கிண்ணம் கிழவர் கண்ணில் படக்கூடாதே! அவசரமாக அதை மைக்ரோவேவுக்குள் தள்ளினான். கதவைச் சாத்தினான்.

"டெஸ்டிங்," என்று பட்டனைத் தட்டினான்.

சடசட... படார்!

நீலப் பொறி. குதுப்மினாரே ஒரு பக்கம் சாய்ந்தது.

கல்யாணராமன் பாய்ந்து சுவர் ஸ்விட்சை அணைத்தார். பொறி அடங்கியது. அவருக்குப் பொறி தட்டியது.

மைக்ரோவேவில் எவர்சில்வர் வைக்கிறவன் மெக்கானிக்கா?

அவன் கை கதவுக்குப் போனது.

"திறக்காதே," என்றார் இந்தியில். "உள்ளே கரண்ட் சுத்திண்டிருக்கு. கதவை விட்டா வெடிக்கும். ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடி."

உண்மையில் அந்த அடுப்பு தாலாட்டுக் கேட்ட குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரியாதே! பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டான்.

"அங்கிள்ஜி... கை வலிக்குது..."

"உயிர் வேணுமா, கை வேணுமா?"

கல்யாணராமன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாவகாசமாகப் போனை எடுத்தார்.

"அவ்வளவுதான். போலீஸ் வந்தது, தோடு கிடைச்சது," என்று பெஞ்சில் கதையை முடித்தார் கல்யாணராமன்.

"கட்டுக்கதை," என்றார் ரத்தினவேல். "மைக்ரோவேவைப் போய் எவனாவது கட்டிப் பிடிச்சுட்டு நிப்பானா?"

வாக்கிங் வந்த ஜலஜா பெஞ்சருகே நின்றாள்.

"ஏன் ரத்தினவேல் சார், நான் கோவில்லேர்ந்து வந்தப்போ போலீஸ்காரா அவனை ஜீப்ல ஏத்திண்டிருந்தா. மேலே வந்து பார்த்தா, அடுக்களைல இன்னொருத்தர் கதவை அழுத்திப் பிடிச்சுண்டு, வேர்த்து ஊத்த நின்னுண்டிருந்தாரே... அது யாரு?"

மொத்த பெஞ்சும் திரும்பியது.

கல்யாணராமன் வானத்தைப் பார்த்தார்.

ரத்தினவேல் தொண்டையைச் செருமினார்.

"நடந்தது வாஸ்தவம்தாம்மா. அவனுக்கு விலங்கு மாட்டணும்னா, அடுப்பை வேற யாராவது பிடிச்சுக்கணும்ல?"