மாலை போட்ட அடுப்பு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உத்திரமேரூர் வட்டம் ஆகாயத்தை எட்டிப் பிடித்துவிட்டது. நெல்வயலுக்கு நடுவே தகரக் கொட்டகை போட்டு, விமானச் சக்கரங்களைத் தாங்கும் போல்ட்டுகளுக்குக் காட்மியம் முலாம் பூசும் முதலாளி மோகன், ஆயுத பூஜையன்று மைக் பிடித்து இதை முறைப்படி பிரகடனம் செய்தார். கைதட்டிவிட்டு, பொரி வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

சோதனைப் பிரிவு சுகிர்தா மட்டும், மறந்துவிட்ட குடையை எடுக்க அந்தியில் திரும்பி வந்தாள். மின்னடுப்பு ஜில்லென்று இருந்தது.

முலாம் பூசும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துகொள்ளும். சில மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றி, ஒரு நாள் முழுக்க வாட்டினால்தான் அது வெளியேறும். வாட்டாத போல்ட் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இறுக்கிப் பூட்டிய பின், யாரும் தொடாத ஒரு நேரத்தில், தானாக முறியும்.

அடுப்புக்குச் சந்தனம் வைத்து, சாமந்தி மாலை சாத்தி, ஓய்வு கொடுத்திருந்தார்கள். பூஜை போட்ட இயந்திரத்தை மறுநாள்வரை ஓட்டக்கூடாது. சுகிர்தாவின் ‘தேறியது’ முத்திரைக்கும் அதே மரியாதை. சரஸ்வதி படத்தின் முன் வைத்தால் எடுக்க முடியாதே என்று, காலையிலேயே எல்லாப் போல்ட் பெட்டிகளிலும் குத்திவிட்டிருந்தாள். அடுப்புக்கு மட்டும் ஓய்வு கொடுக்கமாட்டார்கள், எப்படியும் வாட்டத்தானே போகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

பெட்டிகள் இருந்த இடம் காலி.

“லாரி வந்துச்சி மேடம், ஏத்தி அனுப்ச்சிட்டாங்க,” என்றார் வாட்ச்மேன் கோபால், பொரியை மென்றுகொண்டே. “முத்திரை கீதான்னு பாத்துதான் ஏத்துனாங்க.”

மோகனுக்குப் போன் போட்டாள்.

“லாரிய நிறுத்துங்க சார். வாட்டாத சரக்கு போவுது.”

“இன்னாம்மா, நல்ல நாளும் அதுவுமா? ஒன் முத்திரைய நானே நம்பலன்னா வேற எவன் நம்புவான்? ஒண்ணு ஒடைஞ்சிதுன்னு காட்டு, நிறுத்தறேன்.”

அதே சரக்கிலிருந்து சோதனைக்கென்று எடுத்துவைத்திருந்த போல்ட்டுகளை இரும்புச் சட்டத்தில் இறுக்கிவிட்டு அதன் முன் உட்கார்ந்தாள். தகரத்தின் மேல் மழை பிடித்துக்கொண்டது. சாமந்தி வாசனையும் முலாம் தொட்டியின் அமில நெடியும் கலந்து தொண்டையில் இறங்க, ஊதுவத்திப் புகை மட்டும் எந்தக் காற்றுக்கும் அசையாமல் அடுப்பின் கதவோரமாக நின்றுகொண்டிருந்தது.

டிக்.

“பல்லி மேடம்,” என்றார் கோபால். “நல்ல சகுனம்.”

சட்டத்திலிருந்து ஒரு போல்ட்டின் தலை கழன்று, தரையில் உருண்டு, அவள் செருப்பைத் தொட்டு நின்றது. கோபால் மெல்லுவதை நிறுத்தினார்.

மோகனுக்கு மறுபடியும் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

டிக். இன்னொன்று. டிக். டிக். பிறகு சட்டத்தில் எதுவும் மிச்சமில்லை.

சத்தம் நிற்கவில்லை.

சட்டத்தில் பூட்டாமல் தட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு போல்ட். யாரும் இறுக்காதது. எடுத்தாள். மழையில் நனைந்தது மாதிரி குளிர்ச்சி. விரல்களை மூடிக்கொண்டாள். உள்ளே ஏதோ திரும்பிப் படுத்தது.

“மேடம், கீழ போட்டுடுங்க,” என்றார் கோபால் மெதுவாக.

டிக்.

கையைத் திறந்தாள். தலை தனி. உடம்பு தனி. முறிந்த இடம் வெளுப்பாக, ஈரமாக, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

லாரி குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.