இரண்டு கைகளையும் உயர்த்துங்கள்

ஹேவாஹெட்டைக்கு மேலே, தோட்டத்துப் பழைய ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றபோது பிற்பகல்தான். ஆனாலும் மூட்டம் இறங்கி, பக்கத்துத் தேயிலை நிரையைக்கூட விழுங்கியிருந்தது.

சமூகஜோதி, தேசகீர்த்தி ராஜலிங்கம் வேனிலிருந்து இறங்கவில்லை, இறக்கப்பட்டார். கதவைத் திறக்க ஒருவர், குடை பிடிக்க ஒருவர், சால்வை மடிப்பு கலையாமல் பார்த்துக்கொள்ளச் செயலாளர் மயில்வாகனம். கண்டி டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் மனிதருக்கு இவ்வளவு தேவையா என்று கேட்கக்கூடாது. இரண்டு பட்டங்களும் அவரே விண்ணப்பம் போட்டு வாங்கியவை. உழைத்துப் பெற்றவை என்றே சொல்லவேண்டும்.

இன்றைக்குப் பக்கவாதத் தடுப்பு விழிப்புணர்வு விழா. அவர்தான் பிரதம அதிதி, தலைவர், சிறப்புப் பேச்சாளர்.

அவரது தலைக்குள் இருந்த சங்கதி மட்டும் யாருக்கும் தெரியாது. போன வாரம் டொக்டர் கைரியா ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டியிருந்தார்.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல ஒரு இடம் பலூன் மாதிரிப் புடைச்சிருக்கு. வெடிச்சா உயிருக்கே ஆபத்து. தொடையில இருந்து மெல்லிய குழாய் ஒண்டை ஏத்தி, புடைப்புக்குள்ள பிளாட்டினச் சுருள் வச்சு அடைச்சிடலாம். திங்கட்கிழமை வந்து அட்மிட் ஆகுங்க."

"திங்கட்கிழமை எனக்குப் பக்கவாதத் தடுப்பு விழா இருக்கே, டொக்டர்."

டொக்டர் படத்தை மேசையில் வைத்தார். "பிரஷர் குளிசையை விடாதீங்க. சிகரட்டை இண்டைக்கே நிப்பாட்டுங்க. திடீரெண்டு தாங்க ஏலாத தலைவலி வந்தா, எந்த வேலையா இருந்தாலும் அப்படியே போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வரணும். விளங்குதா?"

விளங்கியது. ஆனால் தடுப்பு விழாத் தலைவருக்கே இப்படியொரு நோய் என்று தெரிந்தால் ஊர் சிரிக்காதா? மனைவி அழகம்மாவிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. வேனை விட்டு இறங்குமுன் ஒரு சிகரட்டையும் முடித்திருந்தார்.

தோட்டத் தலைவர் கறுப்பையா கும்பிட்டபடி முன்னால் நடந்தார். "மண்டபம் இதுதாங்கய்யா. முந்தி வார்டா இருந்துச்சு. நேத்துத்தான் சுண்ணாம்பு அடிச்சோம்."

சுண்ணாம்பு சுவரை வெளுத்திருந்தது. நாற்றத்தை வெளுக்கவில்லை. பழைய பினாயில், ஊறிப்போன மூத்திரம், அடியில் இன்னொன்று. இனிப்பாக, பிசுபிசுப்பாக, தொண்டையில் ஒட்டுகிற ஏதோ ஒன்று.

"என்னய்யா இது, எலி செத்துக் கிடக்குதா?"

"தேடிப் பாத்தோங்க. அந்த மூலையிலிருந்துதான் வருது. ரத்தினம்மா கட்டில் கெடந்த எடம்." கறுப்பையா குரலைத் தாழ்த்தினார். "கொழுந்து எடுக்கறப்பவே தலையப் புடிச்சிக்கிட்டு சாஞ்சிருச்சுங்க. வாயி ஒரு பக்கமாக் கோணிப் போச்சு. டவுனுக்குக் கொண்டுபோகக் கொழுந்து லொறிதான். தராசுல கொழுந்து நிறுத்து முடியாம லொறி நகராதுன்னு தொரை சொல்லிட்டாரு."

"அங்கேயே முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருந்தா புண்ணியங்க. மாசக் கணக்கா இங்க கெடந்துச்சு. முதுகு பூராப் புண்ணு. புழு வச்சு… பக்கத்துல யாரும் போகமாட்டோம்."

ராஜலிங்கம் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே தலையாட்டினார். "நல்ல உதாரணம். பேச்சில் சேர்க்கலாம். மயில்வாகனம், பேரை ஞாபகத்தில் வையும்."

"ஓம் ஐயா, வச்சிருக்கிறன்."

மண்டபம் நிறைந்திருந்தது. மலையிலிருந்து நேராக வந்த பெண்கள், கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஈரச் சேலையோடு பணிசுக்கும் பிளேன்டீக்கும் காத்திருந்தார்கள். ராஜலிங்கம் காற்றைக் கிழித்துப் பேசினார். உப்பைக் குறையுங்கள் என்றார். புகையை ஒழியுங்கள் என்றார். பிறகு கையை அந்த மூலைக்கு நீட்டி, "இதோ, இங்கேதான் அறியாமையால் அழிந்தாள் ஒருத்தி! ரத்தினம்மா!" என்று கர்ஜித்தார்.

பின்வரிசையில் ஒரு கிழவர், "அறியாமையா? லொறிதான் வரல்ல," என்று முணுமுணுத்தார். மைக் அதைவிடப் பலமாக இருந்தது.

"வாதத்தை எப்படி அறிவது? சிரியுங்கள்! இரண்டு கைகளையும் உயர்த்துங்கள்! ஒரு வசனம் சொல்லுங்கள்! எங்கே, எல்லோரும்!"

பெண்கள் வெட்கத்தோடு சிரித்தார்கள். கறை படிந்த கைகள் சோடி சோடியாக உயர்ந்தன.

மூலையில் ஒரு கை மட்டும் உயர்ந்தது.

ஒற்றைக் கை.

"அந்த மூலையில் இருக்கிற அம்மா! மற்றக் கையையும்!"

நீளமான நரைமுடி தோளில் பிரிந்து கிடக்க, அவள் சிரித்தாள். சிரிப்பு பாதி முகத்துக்குத்தான் வந்தது. மறு பாதி, நனைந்த சாக்கு மாதிரித் தாடையில் தொங்கியது. அதன் நுனியிலிருந்து எச்சில் நூலாக இறங்கி, மடி வரைக்கும் அறாமல் ஆடியது. ஓர் ஈ உதட்டில் உட்கார்ந்தது. நடந்து வாய்க்குள் போனது.

வெளியே வரவில்லை.

கறுப்பையா மேடையோரம் வந்து கிசுகிசுத்தார். "எந்த அம்மாவைங்கய்யா? அங்க யாருமில்லீங்களே."

எல்லாரும் கையை இறக்கிவிட்டார்கள். அந்தக் கை இறங்கவில்லை.

அவர் கண்ணைக் கொட்டினார். கை நடுவரிசையில் நின்றது.

மறுபடி கொட்டினார். முன்வரிசை.

சிமெந்துத் தரையில் ஒரு கால் இழுபடும் சத்தம். சர்ர்… சர்ர்…

இனிப்பு நாற்றம் மூக்கை அடைத்தது. பிறகு காதுக்குள், ஈரமாக:

"இப்ப நீங்க சிரிங்கய்யா."

அவர் சிரித்தார். ஆயிரம் மேடையில் சிரித்த அதே பிரதம அதிதிச் சிரிப்பு. பாதிதான் வந்தது. அந்தக் கணமே பின்மண்டையில் கோடரி இறங்கியதுபோல் ஒரு வலி. இதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. அப்படியே போட்டுவிட்டுப் போக வேண்டும்.

"கையத் தூக்குங்கய்யா."

இடது கை மேலே போனது. வலது கை சால்வைக்குள் தொங்கியது.

"ஒரு வசனம்."

ஆஸ்பத்திரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ழ்ழா… பழ்ழா…"

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது.

மயில்வாகனம் மைக்கைப் பிடுங்கினார். "எங்கட தலைவர் நடிச்சே காட்டுறார்! இன்னும் பலமாத் தட்டுங்கோ!"

"அச்சு அசலா இருக்குடி," என்று ஒருத்தி இடுப்பைப் பிடித்துச் சிரித்தாள். "ஐயாவ நாடகத்துக்குச் சேத்திருக்கலாம்."

அவரைக் கதிரையில் சாய்த்தார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. அதன்மேல் பொன்னாடை. நன்றியுரைக்கு மயில்வாகனம் தொண்டையைச் செருமினார். நன்றியுரை முடியாமல் பிரதம அதிதி எழும்புவது வழக்கமில்லை. ராஜலிங்கத்தின் வாயோரம் ஒழுகிய எச்சில் மாலைப்பூவை நனைத்தது. கதிரைக்குப் பின்னாலிருந்து ஒரு முந்தானை நுனி நீண்டது. சீழ் காய்ந்து தகடாக விறைத்திருந்த நுனி. அது அவர் வாயைத் துடைத்தது. உதட்டைப் பிதுக்கி, பல்லீறு வரைக்கும், பொறுமையாக.

"அவசரப்படாதீங்கய்யா. கொழுந்து நிறுத்து முடியட்டும்."

தோட்ட நிர்வாகத்துக்கு நன்றி. ஒலிபெருக்கி தந்தவருக்கு நன்றி. பணிசு தந்தவருக்கு நன்றி.

கடைசியில் அவர் வாந்தி எடுத்தார். பொன்னாடை மேல், மாலை மேல், மயில்வாகனத்தின் வெள்ளைச் சப்பாத்து மேல். முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொண்டு சிதறியது.

"டேய், இது நடிப்பில்லடா!" கறுப்பையா கத்தினார். "வேனை எடுங்க!"

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் டொக்டர் கைரியா அந்தப் புடைப்பைச் சுருள் வைத்து அடைத்தார். உயிர் தப்பியது. பேச்சும் வலது பக்கமும் தப்பவில்லை. "தலைவலி வந்த உடனே கொண்டுவந்திருந்தா நிலைமை வேற," என்று அழகம்மாவிடம் சொன்னார்.

வீட்டுக்கு விடுமுன் வார்டுத் தாதி மிஸ் அவளுக்குப் பாடம் எடுத்தாள். "சாப்பாடு இந்தச் செத்த பக்கக் கன்னத்துக் கொடுப்புல தங்கிடும்மா. அவருக்குத் தெரியாது. அழுகிப் போகும், மூச்சுக்குழாய்க்குள்ள போனாலும் ஆபத்து. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் விரலை விட்டு எடுத்திடணும். இந்தாங்க கையுறை."

மத்தியான வெயில் வார்டுக்குள் நன்றாக விழுந்திருந்தது. அழகம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு விரலை விட்டாள். கஞ்சிப் பருக்கை வந்தது. குழைந்த பூசணி வந்தது. பிறகு விரலில் ஏதோ சுற்றிக்கொண்டது.

முடி. நரைத்த, எண்ணெய்ப் பிசுக்கேறிய, நீளமான முடி.

ராஜலிங்கத்துக்கு எப்போதோ வழுக்கை. மிஸ்ஸின் கொண்டை தொப்பிக்குள். அழகம்மா தன் சாயம் போட்ட கறுப்புப் பின்னலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, இழுத்தாள். ஒரு முழம் வந்தது. இன்னொரு முழம்.

"இன்னும் வருதே, மிஸ்."

மறுமுனையை, தொண்டைக்குள்ளிருந்து, யாரோ மெல்லத் திருப்பி இழுத்தார்கள்.