இரு கரைக் கோபம்

ஒத்துணர்வுமானியின் முள் காலையிலிருந்தே முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. தங்கச்சிமடம் மீன் ஏலக் கூடத்துச் சுவரில் அதை மாட்டியிருந்தார்கள். போகிறவர்களும் வருகிறவர்களும் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாட்டுப்படகுச் சங்கத் தலைவி ஜெசிந்தா மட்டும் அதைப் பகையாளியைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டு நின்றாள்.

ஓட்டுப் பெட்டி அவள் அம்மா காலத்தோடு ஒழிந்துவிட்டது. ஓட்டை விலைக்கு வாங்கலாம், வாய் பொய் சொல்லும், ஆனால் நாடி பொய் சொல்லாது என்று யாரோ ஒரு மேதை கண்டுபிடிக்கப்போய், இப்போது ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒரு நாடிக்காப்பு. கழற்றினால் ரேஷன் கிடையாது. காப்பு துடிப்பையும் மூச்சையும் படித்து அனுப்பும், மானி கூட்டிக் கழித்து முள்ளை நகர்த்தும். ‘உங்கள் உணர்வே உங்கள் வாக்கு’ என்று பேருந்துக்குப் பேருந்து எழுதிவைத்திருந்தார்கள்.

சுற்றியிருந்த நாடுகளையெல்லாம் சேர்த்துத் தென்கடல் ஒன்றியம் என்று ஒரே கூட்டாட்சி ஆக்குவதற்கும் இந்த முள்தான் கணக்கு. மற்ற எல்லைகளில் அளந்து முடித்தாயிற்று. பாக்கி, இந்த நீரிணையின் இரண்டு கரைகள்தான். அளவை நாளன்று நண்பகலில் ‘ஒன்றாகச் சேரலாமா?’ என்ற கேள்வி ஒலிபரப்பாகும். முள் எழுபத்தைந்தைத் தொட்டால் ஒன்றியம் பிறந்துவிடும்.

பிறந்தால், நடுவிலிருக்கும் கடல் உள்நாட்டுக் கடலாகிவிடும். அந்த நிமிடமே ‘ஆழிவயல்’ நிறுவனத்தின் குத்தகை நடப்புக்கு வரும். கரையிலிருந்து கரைவரை கூண்டு இறக்கி மீன் வளர்ப்பார்களாம். நாட்டுப்படகுக்கு அங்கே இடமில்லை. ஜெசிந்தா சோறு தின்பது அந்தக் கடலில். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கையிலிருந்த காப்பைத்தான் கேட்டார்கள்.

ஒன்றியம் கேட்டவர்கள் ஏற்கெனவே இரண்டு முறை அளந்து இரண்டு முறையும் தோற்றிருந்தார்கள். முதல் முறை, இந்தக் கரை விசைப்படகுகள் அந்தக் கரை வலைகளை அறுத்துக்கொண்டு போன சமயம். அடுத்த முறை, அந்தக் கரையில் இவர்களுடைய படகுகளைப் பிடித்துக் கட்டிவைத்திருந்த சமயம். இரண்டு தடவையும் சனம் கொதித்தது, முள் இறங்கியது. ஜெசிந்தா இதைவைத்து ஒரு முடிவுக்கு வந்தாள். கோபப்பட்டால் முள் இறங்கும்.

நடுக்கடல் தீவுக் கோயில் திருவிழாவுக்கு வருடாவருடம் இரண்டு கரைச் சனமும் வரும். அங்கேதான் எதிர்க்கரைப் பேசாலையின் மீனவப் பெண்கள் சங்கத்துக் கொன்சீலியாவைத் தேடிப் பிடித்தாள்.

“உங்கட ஆக்கள் அறுத்த வலையை நான் இன்னும் தைச்சு முடிக்கேல்ல. அதுக்குள்ள உதவி கேட்டு வாறியள்” என்றாள் கொன்சீலியா.

“திட்டுங்கக்கா. ஆனா ஆழிவயல்காரன் வந்துட்டா தைக்கிறதுக்கு வலையே இருக்காது.”

“என்ன செய்யவேணும்?”

“கோபப்படணும். கேள்வி வர்ற நேரத்துல, ரெண்டு கரையும்.”

“கோபம் நினைச்ச உடன வருமோ? சனம் ஆளுக்கொரு பக்கம் நிக்கும்.”

“கோயில்ல மத்தியான மணி அடிச்சா உங்க ஊர்ல என்ன செய்வீங்க?”

“முழங்காலில நிண்டு செபம் சொல்லுவம்.”

“நாங்களும் அதேதான். செபம் முடிஞ்ச கையோட கடலைப் பார்த்து ஆழிவயல் பேரைச் சொல்லிக் கத்தட்டும். கோபம் தன்னால வரும்.”

வந்தது. அளவை நாளன்று நண்பகல் மணி அடித்ததும் கரை நெடுக முழங்கால்கள் மணலில் பதிந்தன. அதே நேரம் எதிர்க்கரையிலும். ஒரே செபம், ஒரே இழுவை, மூச்சு வாங்கும் இடம்கூட ஒன்று. அதன்மேல் ஒலிபெருக்கி கேள்வியைக் கேட்டது. செபம் முடிந்தது. ஜெசிந்தா எழுந்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள். எங்கள் கடலை விற்க இவன்கள் யார் என்ற ஆத்திரம் அதில் தெறித்தது. அவளைச் சுற்றிக் கரையே கத்தியது.

அவள் திரும்பி ஏலக் கூடத்துச் சுவரில் முள்ளைப் பார்த்தாள். நாற்பது. அறுபது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தாள். முள் எழுபத்தைந்தைத் தாண்டித் தொண்ணூற்றேழில் போய் நின்றது. அளவை அலுவலகத்துப் பக்கம் வெடி வெடித்தார்கள்.

அளவை அதிகாரி தயாபரன் வெளியே ஓடிவந்தான். அவன் கண்ணெல்லாம் ஈரம். “என்னக்கா செஞ்சீங்க? இப்படி ஒரு அளவை நான் பார்த்ததே இல்லை.”

“வேண்டாம்னு சொன்னோம்டா. உன் மிசினுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?”

“வேணும், வேண்டாம்னெல்லாம் அது பார்க்காதுக்கா. ரெண்டு கரை நாடியும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குதான்னு மட்டும்தான் பார்க்கும். போன தடவையெல்லாம் நீங்க அவங்க மேல கோபமா இருந்தீங்க, அவங்க உங்க மேல. ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு காரணம். அதான் இறங்குச்சு. இன்னிக்கு ஒரே மூச்சு, ஒரே கோபம். நீங்க ஒரே சனம்னு நீங்களே காட்டிட்டீங்க.”

“யார் மேல கோபம்னு அளந்தியா?”

தயாபரன் தலையைக் குனிந்துகொண்டான். “அதை அளக்கிற கருவியை யாரும் செய்யச் சொல்லலைக்கா.”

அவனை அறைந்துவிடலாம்போல் இருந்தது அவளுக்கு. சம்பளக்காரனை அறைந்து என்ன ஆகப்போகிறது? “இதைக் கலைக்க வழி இருக்கா, இல்லையா?”

“இருக்கு. முள் தொடர்ந்து மூணு மாசம் முப்பதுக்குக் கீழ நிக்கணும். அதாவது…” அவன் இழுத்தான். “நீங்க ரெண்டு பேரும் பழையபடி அடிச்சுக்கணும்.”

மாலையில் கொன்சீலியா கூப்பிட்டாள். காலைவரை வெளிநாட்டு அழைப்பாக இருந்தது இப்போது உள்ளூர் அழைப்பு. ஜெசிந்தா ஏலக் கூடத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். கடலில் ஆழிவயல் கப்பல் மஞ்சள் மிதவைகளை வரிசையாக இறக்கிக்கொண்டிருந்தது.

“உங்களுக்கும் விளங்கப்படுத்தினவங்களோ?”

“சொன்னாங்கக்கா.”

“அப்ப ஒரு உதவி செய்யுங்கோ. மிதவை எங்கட பக்கம் வந்து சேர முன்னம், உங்கட விசைப்படகுக்காரரை இஞ்சால அனுப்புங்கோ. எங்கட வலையை அறுக்கச் சொல்லுங்கோ. என்ர வலையில இருந்து தொடங்கட்டும்.”

ஜெசிந்தாவுக்கு இவள்மேல் கோபம் வந்தாக வேண்டும், கடல் மிஞ்ச வேறு வழியில்லை. பழசையெல்லாம் கிளறிப் பார்த்தாள். “என் தங்கச்சி மகன் படகைக் கட்டிவெச்சு மக்கவிட்டது உங்க ஆளுங்கதானே?”

“ஓம். நாங்கள்தான்.” அந்தக் குரல் உடைந்தது. “நல்லா ஏசுங்கோ பிள்ளை. இன்னும் ஏசுங்கோ.”

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். ஏச்சு வரவில்லை, மிதவைகளைப் பார்த்த ஆத்திரமும் அழுகையும்தான் வந்தன. அந்தப் பக்கத்திலிருந்தும் அதே சத்தம் கேட்டது.

சுவரில் முள் தொண்ணூற்றெட்டுக்கு நகர்ந்தது.