நாலு எழுத்தில் அடங்காதவன்

மூன்று மாடி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் அண்ணன் கதவைத் திறந்துவிட்டான்.

"செருப்பெல்லாம் அப்புறம் கழட்டலாம். மொதல்ல உள்ள வா."

"என்ன இவ்வளவு அவசரம்? ஒருவழியா பொண்ணு கிடைச்சுடுச்சா?"

"அதைவிடப் பெரிய விஷயம்."

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். நாற்பத்தொன்று ஆகியும் கல்யாணப் பேச்சை எடுத்தாலே கடையில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவான். அப்பா அம்மாவோடு பழைய வீட்டிலேயே இருக்கிறான். தங்கை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். 'மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ம், விடுங்க' என்று நாளைக்கு அறுபது தடவை சொல்லுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளைக் கணவனிடம் விட்டுவிட்டு இங்கே இரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

"பாப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கலாமில்ல?"

"பாப்பான்னு கூப்பிட்டா இப்ப திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. தம்பி பொறந்து பத்து மாசத்துல மேடத்துக்குப் பதவி உயர்வு. 'நான் அக்கா, அக்கான்னு கூப்பிடு'ங்கறா. என்னையே அப்படிக் கூப்பிடச் சொல்றான்னா பாத்துக்கோ."

அண்ணன் சிரித்தான். உள்ளறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா மருந்துக்கடைக்குப் போயிருந்தார். கூடத்து மேஜைமேல், ஒரு தட்டு அகலத்தில், கறுப்பாகப் பளபளவென்று கிடந்தது அது. கையடக்க விளையாட்டுக் கருவி. புத்தம்புதுசு.

"இந்த வயசுல உனக்கு இது தேவையா?"

"கருவியை விடு. உள்ள என்ன ஆட்டம் இருக்குன்னு பாரு. பழசையெல்லாம் மறுபடி விடறாங்க."

திரையில் ஒரு கோட்டை, அதன்மேல் பிறை நிலா. பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் இதே ஆட்டத்தை அண்ணன், அவள், அவர்களுடைய தம்பி மூன்று பேரும் ஆடினார்கள். இரண்டு பாட்டரி போட்ட சாம்பல் நிறப் பெட்டி, பாசி நிறத்தில் குட்டித் திரை. நாலு பேர் சேர்ந்து ஊர் ஊராகப் போகவேண்டும். அந்த நாலு பேருக்கும் பெயர் வைக்க நாலே கட்டம், அதுவும் ஆங்கில எழுத்து. ஏழு வயதுத் தம்பிதான் பெயர் வைத்தான். அப்பா என்று எழுதினால் சரியாக நாலு எழுத்து. அம்மா நாலு. அக்கா நாலு. அண்ணா நாலு. கச்சிதமாக உட்கார்ந்தன.

தம்பிக்கு ஆறு எழுத்து. முதல் நாலு எழுத்தில், தாம் என்பதோடு, கட்டம் முடிந்துபோனது.

அன்றிலிருந்து வீட்டில் அவன் பெயரே தாம்.

போதாக்குறைக்கு அவன் ஐந்தாவது ஆள். மூன்றாவது ஊரில் ஐந்தாவது ஆள் வந்தால் ஆட்டத்துச் சத்திரக்காரன் கேட்பான்: நால்வருக்கே இடம். யாரை விட்டுச் செல்கிறீர்கள்? ஒவ்வொரு தடவையும் அவள் தாமைத்தான் விட்டாள். சத்திரத்து ஜன்னலோரம் குட்டி பொம்மையாக அவன் உட்கார்ந்துகொள்வான். மற்ற நாலு பேரும் கிளம்பிவிடுவார்கள்.

அந்த வருஷ விடுமுறையில் ஏரிக்குப் போனார்கள். படகில் நாலு பேருக்குத்தான் இடம் என்றார் படகுக்காரர். பத்து நிமிஷச் சுற்று, இருப்பவரை டிக்கெட் கொடுக்கிற பெண் பார்த்துக்கொள்வாள். "யாராவது ஒருத்தர் அடுத்த ட்ரிப்ல வாங்க. யாரு இருக்கீங்க?" என்று கேட்டார் அப்பா.

"தாம் இருப்பான்," என்றாள் அவள். பதினொரு வயது அப்போது. "அவனுக்குப் பழக்கம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். தாமும் சிரித்தான். படகுத்துறைப் பலகையில் முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மடியில் பெட்டியோடு உட்கார்ந்தான்.

திரும்பி வந்தபோது பலகைமேல் பெட்டி மட்டும் இருந்தது. அணைக்காமல். திரையில் சத்திரம்.

சாயங்காலம் அவனை ஏரியிலிருந்து எடுத்தார்கள். அப்பா அந்தப் பெட்டியை அதே ஏரியில் வீசி எறிந்தார்.

"இதை எதுக்கு வாங்கின?" என்றாள் அண்ணனிடம்.

"கடைசிவரைக்கும் ஆடி முடிக்கவே இல்லையே நாம. அவனுக்காக ஒரு தடவை முடிச்சுடலாம்னு தோணிச்சு." அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். "இப்ப பேருக்குப் பத்து கட்டம் குடுத்திருக்கான். பாத்தியா?"

பத்து கட்டம் இருந்தும் பழக்க தோஷத்தில் பழைய நாலு பெயரையே போட்டிருந்தான். அப்பா, அம்மா, அக்கா, அண்ணா. புது ஆட்டம், ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நாலு பொம்மைகளும் வரிசையாக நடந்தன. முதல் ஊர். முதல் சத்திரம்.

அண்ணன் பொத்தானை அழுத்தினான்.

உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார்.

"இது இப்ப வராதே. அஞ்சாவது ஆளு மூணாவது ஊர்லதானே வருவான்?" என்றாள்.

"புதுசுல மாத்தியிருப்பாங்க."

அவனுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் ஐந்தாவது ஆளின் பெயர் திரையில் வந்தது.

ஆறு எழுத்து. முழுசாக.

பக்கத்தில் அவன் எட்டியிருந்த நிலை. புதிதாக வருகிற ஆளுக்கு ஒன்று என்று இருக்கவேண்டும். இருபத்தேழு என்று இருந்தது.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் கிடந்தது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பமுடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, பாசியும் ஊறின பலகையும் கலந்த ஒரு வாடை மெல்லக் கூடத்துக்குள் வந்தது.

நால்வருக்கே இடம். யாரை விட்டுச் செல்கிறீர்கள்?

"நீ விளையாடறியா அண்ணா?"

"சத்தியமா இல்ல."

"அணைச்சுடு."

அணைத்தான். அணையவில்லை. பொத்தானை விரல் வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்தான். திரை ஒருமுறை கறுத்தது. மறுபடி அதே சத்திரம், அதே கேள்வி. கீழே நாலு பெயர்கள். அவற்றின் பக்கத்தில் ஒரு சிறிய அம்புக்குறி.

அம்பு 'அம்மா'வின்மேல் வந்து நின்றது.

உள்ளறையில் இருமல் கேட்டது.

சளி இருமல் இல்லை. ஆஸ்பத்திரியில் இந்த இருமலைக் கேட்டிருக்கிறாள். நுரையீரலில் தண்ணீர் போனவர்கள் இருமுவது. அவள் எழுந்து ஓடினாள். அம்மா கண்களை அகலத் திறந்துகொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"அம்பை நகத்து! அண்ணா, அதை நகத்து."

இருமல் சட்டென்று நின்றது. அம்மா தலையணையில் சரிந்தாள். பிறகு, நிதானமாகத்தான் கேட்டாள்:

"தாம் வந்துட்டானா?"

அவள் கூடத்துக்கு ஓடி வந்தாள். அம்பு இப்போது 'அண்ணா'வின்மேல் இருந்தது. அண்ணன் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் நீலம் பாரித்திருந்தது. கருவியைப் பிடுங்கி அம்பை அவளே பெயர்களைவிட்டு வெளியே நகர்த்தினாள். அது மெல்ல மறுபடி பெயர்களை நோக்கி ஊர்ந்தது. அண்ணன் ஒரு வாய் தண்ணீரைத் தரையில் கக்கினான். கலங்கின தண்ணீர்.

"கேக்கறான்," என்றான் அண்ணன், மூச்சு வந்ததும். "ஒருத்தரைக் கேக்கறான். அவன் இடத்துல உக்கார."

"தெரியுது."

"அப்பாவுக்கு எழுபத்தாறு ஆச்சு..."

சொல்லி முடிக்காமல் தலை குனிந்துகொண்டான். அவள் அவனை வெறுக்கவில்லை. அவளுக்கும் அந்த நினைப்பு வந்துவிட்டுத்தான் போயிருந்தது.

அம்பை அவள் 'அக்கா'வின்மேல் வைத்தாள்.

வேலைப் பழக்கம் விடவில்லை. மூச்சை நல்லா இழு, அப்படியே பிடி என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை.

நெஞ்சு அடைக்கவில்லை. தொண்டை நனையவில்லை. பையில் கைப்பேசி மட்டும் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

"ஏய், வேண்டாம்," என்றான் அண்ணன். "கொழந்தைங்க இருக்கு உனக்கு."

"அன்னிக்குச் சொன்னது நான்தானே அண்ணா. எனக்கு ஒண்ணும் பண்ணல பாரு. அவனுக்கு அக்கான்னா உசிரு." திரையைப் பார்த்துச் சொன்னாள்: "நான் இருக்கேன்டா தாம். நீ போ."

அழுத்தினாள்.

நன்றி, என்றான் சத்திரக்காரன். மூன்று பொம்மைகளோடு நாலாவதாக ஒரு குட்டி பொம்மை சேர்ந்து, வரிசையாக வாசலைத் தாண்டிப் போயிற்று. ஜன்னலோரம் ஒரு பெண் பொம்மை முழங்காலைச் சேர்த்து வைத்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு இரட்டைப் பின்னல்.

திரை தானாக அணைந்தது. வாடையும் போய்விட்டது.

அப்பா மருந்தோடு வந்தார். தரையில் தண்ணீர் எப்படி என்று கேட்டார். சொம்பு தட்டிவிட்டது என்றான் அண்ணன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்காரவில்லை. இறங்கினதும் இரண்டு பக்கமும் பார்த்து, நின்று, மறுபடியும் பார்த்துத்தான் தெருவைக் கடந்தாள். இன்றைக்கா நாளைக்கா என்றுதான் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

கணவன் தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"போன் பண்ணேனே, எடுக்கக்கூடாதா? மூணு மணிக்கு இவ திடீர்னு மூச்சு முட்டித் தவிச்சுட்டா. வாயிலேருந்து தண்ணியா வருது. நான் பயந்தே போயிட்டேன். அப்புறம் சுவிட்ச் போட்ட மாதிரி சரியாயிடுச்சு. ஆனா அப்போலேருந்து அந்த எடத்தைவிட்டு எழுந்திரிக்க மாட்டேங்கறா."

"யாரு?"

"யாருன்னா? அக்காதான்."

அவள் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

கூடத்து ஜன்னலோரம், தரையில், மகள் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைச் சேர்த்து வைத்து. மடியில் ஒன்றுமில்லை, ஆனால் எதையோ பிடித்திருப்பதுபோல் இரண்டு கையும் மடியில் இருந்தன. காலையில் அவள் போட்டுவிட்ட இரட்டைப் பின்னல் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பா," என்றாள். "பாப்பா, நீ பாப்பாதான்டா. எழுந்து வா அம்மாகிட்ட."

மகள் திரும்பவில்லை.

"அக்கா," என்று கூப்பிட்டாள் அவள்.

இப்போது திரும்பினாள். சிரித்தாள்.

"நீங்க நாலு பேரும் போய்ட்டு வாங்கம்மா. நான் இங்கயே இருக்கேன்."

"நாலு பேரா? யாரு நாலு பேர்?"

"நீ, அப்பா, தம்பி." மகளின் பார்வை அவள் தோளைத் தாண்டி, திறந்திருந்த வாசலுக்குப் போயிற்று. "அப்புறம் தாம்."

அந்தப் பெயரை இந்த வீட்டில் யாரும் ஒருநாளும் சொன்னதில்லை.

"மொதல்ல கொஞ்ச நாள் பயமா இருக்குமாம்," என்றாள் மகள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "அப்புறம் பழக்கமாயிடுமாம்."