அடிக்குறிப்பின் மேல் ஒரு விரல்

சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் நூலகத்துக்குப் பிரியதர்ஷினி வந்து சேர்ந்தபோது மணி மூன்று. ஐந்துக்குள் ஆய்வுத் தலைப்பை அனுப்பியாக வேண்டும், தவறினால் ஆராய்ச்சிப் படிப்புக்கே முழுக்கு. ஏற்கெனவே இரண்டு தலைப்புகள் திரும்பி வந்துவிட்டன. மனசு மரத்துப்போய், அழுகைகூட வரவில்லை.

"பொருளாதார வரலாறுன்னா மொதல்ல இதப் பாரும்மா." நூலகர் கலியாணசுந்தரம் பழைய மாவட்டக் கையேட்டை மேசைமேல் வைத்தார். "அட்டவணைய மட்டும் எடுத்துக்கினு ஓடிடாத. அடிக்குறிப்பையும் படி."

அவர் டீ குடிக்கப் போனார். அறையில் பழைய காகித வாடை. கூடவே ஈரச் சாயத்தின் நெடி. எங்கோ தறி ஓடிக்கொண்டிருந்தது.

அட்டவணை கிடைத்தது. பஞ்ச வருஷத்திலும், எண்ணிய வீடுகள் எல்லாவற்றிலும் தறி ஓடியிருக்கிறது. 'பஞ்சம் தொடாத பட்டு நெசவு'. தலைப்பு தயார்!

அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'ஆட்கள் இறந்து கதவடைத்துக் கிடந்த வீடுகள் எண்ணப்படவில்லை.'

படித்தாள். பக்கத்தைப் படம் எடுத்தாள்.

படத்தில், அந்த வரியை ஒரு விரல் அழுத்திக்கொண்டிருந்தது.

நகக்கண்ணில் சிவப்புச் சாயம். நுனியில் இழை அறுத்த பள்ளம்.

அவளுடைய இரண்டு கையும் போனைப் பிடித்திருந்தன.

மறுபடி எடுத்தாள். மறுபடியும் விரல். புத்தகத்தின் மேல் எதுவும் இல்லை.

பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. அந்த வரி இருந்தால் தலைப்பு நிற்காது என்பது மட்டும் தெரிந்தது. ஆள்காட்டி விரலால் படத்தின் அடிப்பகுதியை வெட்டினாள். விரலும் போயிற்று, வரியும் போயிற்று. தலைப்போடு சேர்த்து அனுப்பிவிட்டாள்.

தறிச் சத்தம் நின்றது.

"கெடச்சிதாம்மா?" நூலகர் திரும்பி வந்திருந்தார்.

"கெடச்சிது சார்."

"அடிக்குறிப்பு?"

"படிச்சேன் சார்."

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் எங்கும் தறி இல்லை, சாயப்பட்டறையும் இல்லை. செவிலிமேடு பஸ்ஸுக்கு நின்றபடி, அம்மாவிடம் சொல்லலாமென்று போனில் ஆள்காட்டி விரலை வைத்தாள்.

கைரேகை பொருந்தவில்லை.

சுடிதாரில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

பொருந்தவில்லை.

விரலைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண் சிவந்திருந்தது. நுனியில் ஒரு பள்ளம்.

வாயில் வைத்துக் கடித்தாள்.

வலிக்கவில்லை.