முதலில் எதிர்ப்பட்டவன்

சுட்ட காட்டாட்டை அறுத்துக் குடலைப் பாறைமேல் சரித்து அரைமணி நேரமாகியும் ஓர் அண்டங்காக்கைகூட வரவில்லை. பாமீர் மலையில் துப்பாக்கி வெடித்தாலே மேலே கூட்டம் சேர்ந்துவிடும். ஜீபெக் இரண்டு முறை அண்ணாந்து பார்த்தாள். நடுப்பகல் வானம் துடைத்து வைத்தாற்போலக் கிடந்தது.

"ஒரே குண்டு! கண்ணை மூடிக்கிட்டுத்தானே சுட்டே?" என்றார் அவளைப் பெற்ற அத்தா எசென், கறியை யாக் மாட்டின் முதுகில் கட்டிக்கொண்டே.

"உங்க பார்வை லட்சணத்துக்கு மாட்டையில்ல சுட்டிருப்பீங்க. பேசாம கட்டுங்க."

இறங்கும்போது மூடுபனி வந்தது. ஈரக் கம்பளியின் வாடை, மாட்டின் கனத்த மூச்சு, சரளைக்கல்லில் குளம்பு உரசும் சத்தம், இவற்றைத் தவிர உலகத்தில் வேறெதுவும் மிஞ்சாதபடி அது வழியை விழுங்கிவிட்டது. முதல் வளைவில் ஒருவன் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். அங்கியின் மடியை விரித்து வைத்திருந்தான்.

"வேட்டைப் பங்கு," என்றான்.

கிர்கிஸ் ஜனத்தில் இதற்கு மறுபேச்சே கிடையாது. வேட்டையோடு வருகிறவர்களுக்கு எதிர்ப்பட்டவன் கேட்டால் கொடுத்தாக வேண்டும். இருந்தாலும், அங்கிருந்து மிக அருகிலிருந்த வீட்டுக்கே மூன்று மணி நேர நடை. இவன் எங்கிருந்து முளைத்தான்?

அத்தா வலது பின்னந்தொடையை அறுத்து மடியில் போட்டார். நாலடி நடந்ததும் அவருடைய வலது கால் இழுத்தது.

"என்னத்தா?"

"சும்மா, மரத்துப் போச்சு."

அடுத்த வளைவில் அவனே உட்கார்ந்திருந்தான். யாரும் அவர்களை முந்திப் போகவில்லை. அந்தப் பாதையில் முந்திப் போக இடமும் இல்லை. மடி காலியாக இருந்தது.

"வேட்டைப் பங்கு. விலா."

"குடுக்காதீங்க!"

"வாயை மூடு புள்ளே. கேட்டவனுக்கு இல்லேன்னு நம்ம வம்சத்துல யாரும் சொன்னதில்ல," என்றார் அத்தா. கொடுத்தார். கொடுத்த கையோடு இருமத் தொடங்கினார். ஒரு பக்க நெஞ்சு உள்வாங்கியிருந்தது. அங்கிக்கு மேலேயே அது தெரிந்தது.

ஜீபெக்குக்குப் புரிந்துவிட்டது. மாட்டின்மேல் மிச்சமிருப்பதைப் பார்த்தாள். மீதிக் கறி. தலை.

மூன்றாவது வளைவு.

"தலை," என்றான் அவன்.

அத்தாவின் கை தானாகக் கத்தியைத் தேடியது. அவள் கத்தியைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தாள். அவரைத் தூக்கி மாட்டின்மேல் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். ஆட்டுத் தலையை அவிழ்த்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

"சுட்டது நான். குடுக்கிறதா வேண்டாமான்னு நான்தான் சொல்லணும். தரமாட்டேன்! போடா!"

அவன் கோபப்படவில்லை. மடியை இன்னும் கொஞ்சம் விரித்தான்.

நான்காவது வளைவிலும் அவன். ஐந்தாவதிலும்.

"தரமாட்டேன்."

ஆறு.

"தரமாட்டேன்!"

ஏழு. தொண்டை கிழிந்தது. எட்டு. அவனைத் தாண்டும்போதெல்லாம் முழங்கால் அவன் மடியை உரசியது. ஒவ்வொரு முறையும் கத்தினாள். பின்னால் இருமல் கேட்டது. அது போதும். இருமுகிறவர் உயிரோடு இருக்கிறார்.

பனி விலகியது. கீழே வீடுகள். சாணி வறட்டி எரியும் வாசனை. அம்மா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசி வளைவில் கல்தான் இருந்தது. அவன் இல்லை.

"ஜெயிச்சிட்டோம் அத்தா! பாருங்க!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இருமல் நின்றிருந்தது.

திரும்பினாள். கட்டிய கட்டு அப்படியே இருந்தது. அத்தா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் முன்பின் தெரியாத ஆளிடம் காட்டும் மரியாதை. கட்டுக்குள்ளிருந்த இரண்டு கைகளும் அங்கியின் மடியை மெல்ல விரித்துக்கொண்டிருந்தன.

"வேட்டைப் பங்கு, தாயி," என்றார். "தலை."

அவர் பார்வை அவள் கக்கத்தில் இருந்த ஆட்டுத் தலையில் இல்லை. அவள் கழுத்தில் இருந்தது.

ஜீபெக் மூக்கணாங்கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

"உங்களுக்கும் தரமாட்டேன்," என்றாள். "வீட்டுக்கு வாங்க."

இழுத்தாள். மாடு நடந்தது. மடி விரிந்தபடியே பின்னால் வந்தது.