நீலத் துடுப்புக்காரன்

கிடைக்காமல் போனாலும் நல்லதுதான். கிடைத்துவிட்டால் இனி எதைத் தேடுவேன்?

தமயந்தி இதை யாரிடமும் சொல்லவில்லை. நீச்சல் கண்ணாடியை இறுக்கிக்கொண்டு வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். தூத்துக்குடியில் தனியாக வாழும் அவள், பழைய ஐரோப்பியப் பீங்கான் தட்டுகளைச் சேர்ப்பவள். ஒரு ஜோடியில் பாதிதான் பதினோரு வருடமாக அவளிடம் இருந்தது: கரையில் நின்று கையசைக்கும் நீலப் பெண். இன்னொரு தட்டில், படகில் துடுப்புப் போடும் ஆண். அப்படி ஒரு தட்டை, பாறையில் மோதி மூழ்கி, இப்போது வள்ளத்துக்கு அடியில் கிடக்கும் பழங்கப்பலில் பார்த்ததாக, கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் ரொசாரி சொல்லியிருந்தான்.

“யக்கா, நீரோட்டம் இழுக்க ஆரம்பிச்சிட்டு. ஒரு தடவதான் முங்கலாம்!” என்றான் ரொசாரி.

அவன் மச்சான் கிளைமன்ஸ் சிரித்தான். “தட்டைத் தேடப் போயி, எங்கள உங்களத் தேட வச்சிராதீங்க!”

“நீங்க பிடுங்கினா விளிம்பு உடையும், தம்பி. நானே எடுக்கணும்,” என்றாள் தமயந்தி.

குதித்தாள்! இடுப்பில் கயிறு இறுகியது. பலகைகளுக்கிடையே மணலைக் கிளறினாள். நீரோட்டம் தோளைப் பிடித்துக் கட்டையில் மோதியது. மூச்சு முட்டியது. விரலில் ஒரு வளைவு! மெல்ல அசைத்து எடுத்தாள். கயிற்றை இரண்டு முறை இழுத்தாள்.

மேலே தட்டை வாங்கிய கிளைமன்ஸ், சங்கைத் துடைக்கிற பழக்கத்தில் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தால் துடைத்து வெயிலில் வைத்துவிட்டான்.

“ஐயோ, காயவிடாதே! தண்ணியில போடு!”

கீறல்களில் ஊறிய உப்பு காய்ந்தால் வர்ணமும் பொன் விளிம்பும் உரிந்துவிடும். மாதக்கணக்கில் நீர் மாற்றித்தான் உப்பை இறக்க வேண்டும். தட்டு வாளிக்குள் மூழ்கியது. துடுப்போடு முழுசாக இருந்தான் நீல ஆண்.

“சிக்கிட்டாம்ல!” ரொசாரி கூவினான். அவளும் சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் தீர்ந்தது.

கரை நெருங்கியது. “ஞாயித்துக்கிழமை எம்மவளுக்குப் புதுநன்மை, யக்கா. கோயில்ல மொத தடவ நற்கருணை வாங்குதா,” என்றான் ரொசாரி. “சாப்பிட வாங்க. தட்டையும் எல்லாரும் பாக்கட்டும்.”

“அது தண்ணிக்குள்ளயே இருக்கணுமே.”

“வாளியோட வாங்க. நான் தூக்குதேன்.”

சாக்கு தீர்ந்துபோனது. பந்தியில் யாராவது ஒருத்தி, ‘வீட்ல யாரெல்லாம் இருக்கா?’ என்று அன்பாகவே கேட்பாள். கடலில் குதிக்கும் துணிச்சல் வேறு, ஒரு வீட்டு வாசற்படி ஏறும் துணிச்சல் வேறு. இரண்டாவது அவளிடம் இல்லை.

“நீங்க நல்லா நடத்துங்க, ரொசாரி,” என்றாள் மெதுவாக. “நான் வரல.”